செத்த காலேஜில் ஒரு உயிர்ப் பாடம்!

உயிர் காலேஜ், செத்த காலேஜ்... இந்த ரெண்டு காலேஜையும் கேள்விப்பட்டிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? கவுன்சலிங் பட்டியலில் தேடாதீங்க, கிடைக்காது! மிருகங்கள் உயிரோடு உலாவும் மிருகக்காட்சி சாலைக்கு அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் வைத்த பெயர் உயிர் காலேஜ். எலும்புக்கூடும், பஞ்சு அடைத்த பறவையும், பழைய சிலையும் இருக்கிற எழும்பூர் மியூசியத்துக்கு வைத்த பெயர் செத்த காலேஜ். 1851-ல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய மியூசியங்களில் ஒன்றுக்கு நம்ம ஜனங்க கொடுத்த டிகிரி அது!

கிண்டல்தான். ஆனா, ஒண்ணு கவனிச்சீங்களா? செத்தது என்று சொன்னவர்களே அதைக் 'காலேஜ்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் ஏதோ பாடமும் நடக்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. சரி, அங்கே பாடம் நடத்துவது யார்? புரொபசரா? இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கிற துண்டு அட்டைதான் அங்கே லெக்சரர்! அந்த அட்டையை எழுதியது யார்? எழுதும்போது என்ன யோசித்தார்? எதை எழுதாமல் விட்டார்? இந்த வாரம் நம்ம மேட்டர் அதுதான்.

குற்றாலத்துக்கு சீசனில் போகாத காலேஜ் கோஷ்டி உண்டா? மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், எண்ணெய் மசாஜ், பார்டர் பரோட்டா... லிஸ்ட் எப்பவும் ரெடி. அதே குற்றாலத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் இருக்கிறது என்று சொன்னால், 'அப்படியா?' என்று கேட்பவர்கள்தான் நம்மில் அதிகம். பரவாயில்லை. இந்தத் தடவை தலையைத் துவட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கூட வாங்க. தென்காசிச் சீமையை ஒரு மியூசியக்காரரின் கண்ணால் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

காப்பும் உண்டு, ஆட்சியும் உண்டு!

மியூசியத்தில் பொருட்களுக்குப் பொறுப்பான அதிகாரியை ஆங்கிலத்தில் 'க்யூரேட்டர்' என்கிறார்கள். 'கவனித்துப் பேணுதல்' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் அரசு வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் இன்னும் அழகு: காப்பாட்சியர். பிரித்துப் பாருங்கள்... காப்பு இருக்கிறது, கூடவே ஆட்சியும் இருக்கிறது!

என்ன பெரிய ஆட்சி என்கிறீர்களா? மியூசியத்தின் கிடங்கில் ஆயிரக்கணக்கான பொருட்கள் இருக்கும். அதில் எது வெளியே வரும், எது இருட்டிலேயே கிடக்கும் என்று முடிவு செய்பவர் அவர். எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது, எதன் மேல் விளக்கை அடிப்பது, நாற்பது ஐம்பது வார்த்தை அட்டையில் எதைச் சொல்வது, எதை விடுவது... எல்லாம் அவர் கையில். நாம் போய் அதைப் படித்துவிட்டு, "ஓஹோ... இதுதான் வரலாறு போல!" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். பேப்பரில் வந்த செய்தியைக்கூடச் சந்தேகப்படுகிற நாம், மியூசிய அட்டையைச் சந்தேகப்படுவதே இல்லை!

அவ்வளவு நம்பிக்கை நம் மேல் வைக்கப்படும்போது, நம்மை நாமே கேள்வி கேட்டுக்கொள்ளத்தானே வேண்டும்? மியூசியப் படிப்பில் அதையே ஒரு பயிற்சியாகக் கற்றுக் கொடுக்கிறார்கள். செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து, ஏன் அப்படிச் செய்தோம் என்று யோசித்து, எழுதி வைத்து, அடுத்த முறை திருத்திக்கொள்வது. அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-ல் எழுதிய ஒரு புத்தகம் இந்தப் பயிற்சியைப் பல துறைகளுக்கும் கொண்டுபோனது. டாக்டர், டீச்சர், நர்ஸ், கட்டடக்கலைஞர் என்று பலரும் இதைப் படிக்கிறார்கள்.

ஷோன் சொன்னதை அம்மாவின் சமையலறையில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். சாம்பார் கொதிக்கும்போதே ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து உப்புப் போடுகிறார்களே, அது வேலைக்கு நடுவிலேயே யோசிப்பது. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, "நாளைக்குப் புளியைக் குறைக்கணும்" என்று முடிவு செய்கிறார்களே, அது வேலை முடிந்தபின் யோசிப்பது. மியூசியக்காரருக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு: இலையில் உட்காரப்போகிறவர்களை முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்பது. மூன்றிலும் இதுதான் ரொம்பக் கஷ்டம். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

கல்லிடைக்குறிச்சி டு அடிலெய்டு

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற ரயில் பாதையில் கல்லிடைக்குறிச்சி என்று ஒரு ஸ்டேஷன் வரும். அப்பளத்துக்குப் பெயர்போன ஊர். அந்த ஊர் குலசேகரமுடையார் கோயிலில் இருந்த நடராஜர் சிலை 1982-ல் திருடு போனது. 2001-ல், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் ஒரு நடராஜர் சிலையை விலைக்கு வாங்கியது. ரெண்டும் ஒரே நடராஜர்தான் என்று நிரூபிக்க உதவியது, புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய புகைப்படம். 2019 செப்டம்பரில் நடராஜர் ஊர் திரும்பினார். மேளதாளத்தோடு வரவேற்றது ஊர். நடுவில் போனது 37 வருடம்!

இந்தக் கதையைத் திருடன்-போலீஸ் கதையாகப் படிக்கலாம். நாம் மியூசியக் கதையாகப் படிப்போம்.

பொதுவாக ஒரு சிலைக்கு அட்டை எழுதும்போது பெயர், நூற்றாண்டு, உலோகம், எந்த வட்டாரம் என்று நாலு வரி வரும். நாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: 'நீ இங்கே எப்படி வந்தாய்?' அதற்குப் பதில் தெரியாவிட்டால், மேலே இருக்கிற நாலு உண்மையும் சேர்ந்து ஒரு பொய்யைக் காவல் காத்துக்கொண்டு நிற்கும். ஒரு பொருள் யார் யார் கை மாறி வந்தது என்ற வரலாற்றைத் தோண்டுவதற்காகவே இன்று பல பெரிய மியூசியங்களில் தனி ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். 2014-ல் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலிருந்து திரும்பி வந்ததற்கும், அதன் பிறகு பல சிலைகள் வந்ததற்கும் பின்னால் இந்தக் கேள்விதான் இருக்கிறது.

அந்தப் பழைய போட்டோவையும் மறந்துவிடாதீர்கள். யாரோ ஒருவர் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்தார். யாரோ ஒருவர் இது இந்த ஊர், இந்தக் கோயில் என்று பொறுப்பாகக் குறித்து, ஃபைல் போட்டு வைத்தார். 'இதெல்லாம் யாருக்கு உபயோகப்படப் போகுது?' என்று அலுத்துக்கொள்ளத் தோன்றுகிற வேலை. அந்த வேலைதான் ஒரு ஊருக்கு அதன் சாமியைத் திருப்பிக் கொடுத்தது.

இன்னொன்றும் யோசிக்கலாம். கோயிலில் நடராஜரைப் பார்க்கப் போனால் பட்டும், பூமாலையும், சந்தனமும் போக மிச்சம் தெரிவது முகமும் கையும் தூக்கிய திருவடியும்தான். மியூசியத்தில் வார்ப்பின் ஒவ்வொரு வளைவும் தெரியும். ஆனால் மணிச் சத்தம் கிடையாது, 'நம்ம சாமி' என்கிற சொந்தம் கிடையாது. ரெண்டு இடத்திலும் ஏதோ ஒன்று தெரிகிறது, ஏதோ ஒன்று மறைகிறது. நல்ல காப்பாட்சியருக்குத் தன் கூடத்தில் எது மறைகிறது என்பது தெரிந்திருக்கும்.

அதே தாமிரபரணிக் கரையோடு கிழக்கே இறங்கினால் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை சென்னை மியூசியத்துக்குப் போயின. தன் ஊர் மண்ணுக்கடியில் கிடைத்ததைப் பார்க்க ஆதிச்சநல்லூர்ப் பையன் ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. 2023-ல் அகழாய்வுக் குழிக்கு மேலே கண்ணாடித் தளம் போட்டு, முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வழி செய்தார்கள். பொருளை மியூசியத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குப் பதில், மியூசியம் பொருளைத் தேடி வந்தது. 'எங்கே வைப்பது?' என்ற கேள்வியைத் திரும்பவும் கேட்டதால் கிடைத்த பதில் இது.

ஓவியமா? சாமியா?

இப்போது குற்றாலத்துக்கே திரும்பி வருவோம். நடராஜருக்கு ஐந்து சபைகள் என்பார்கள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். ஐந்தாவது, நம்ம குற்றாலத்தின் சித்திர சபை. இங்கே நடராஜர் செப்புச் சிலை இல்லை. சுவரில் வரைந்த ஓவியம்! மார்கழித் திருவாதிரைக்கு இந்த ஓவியத்துக்குத்தான் தாண்டவ தீபாராதனை நடக்கிறது. சுற்றிச் சுவர் முழுக்கப் புராணக் காட்சிகள்.

ஒரு நிமிஷம் நீங்கள்தான் இதற்குப் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரல் அடிக்கிற ஊர். ஈரத்தில் வண்ணம் மங்குகிறது. என்ன செய்வீர்கள்?

பாதுகாப்புத் துறையில் படித்தவர், "பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் பூசாதே. இருப்பதை இருக்கிறபடி நிறுத்து. அன்றைக்கு வரைந்தவன் கைத்தடம் அழிந்துவிடும்" என்பார். கும்பிட வருகிற பெரியவர், "சாமி முகம் மங்கிப்போய் இருக்கலாமா தம்பி? நல்லா எழுதி வைங்க" என்பார். முதலாமவருக்கு அது 'ஓவியம்', அடுத்தவருக்கு அது 'அவர்'. யார் சொல்வது தப்பு? யார் சொல்வதும் தப்பில்லை. அதுதான் சிக்கலே!

இங்கேதான் நம் பயிற்சி உதவும். 'நான் ஏன் ஓவியத்தின் பக்கம் சாய்கிறேன்? நான் படித்த படிப்பாலா? பெரியவரிடம் கேட்டேனா, இல்லை கேட்ட மாதிரி காட்டிக்கொண்டேனா?' என்று தனக்குத்தானே கேட்டு, முடிவையும் காரணத்தையும் தேதி போட்டு எழுதி வைப்பது. முடிவு எதுவாகவும் இருக்கலாம். இருபது வருடம் கழித்து வருகிற இன்னொருவர், 'இவர்கள் இதை ஏன் இப்படிச் செய்தார்கள்?' என்று தலையைச் சொறியாமல் இருக்க அந்தக் குறிப்பு வேண்டும்.

அடுத்து வருகிறவரைப் பற்றி யோசித்த ஒரு ஆள் இந்த ஊரில் 15-ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறார். தென்காசி காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன். அவர் பெயரில் உள்ள கல்வெட்டுப் பாட்டின் செய்தி இதுதான்: இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை வந்து, அதை யார் சரிசெய்து காப்பாற்றினாலும், அவர் எவராக இருந்தாலும் சரி, உலகம் அறிய அவரை நான் இப்போதே பணிகிறேன்! ஒரு ராஜா, இன்னும் பிறக்காத யாரோ ஒரு பராமரிப்புக்காரர் காலில் விழுகிறார். 'நான் கட்டினது அப்படியே நிற்கும்' என்று அவர் மார்தட்டவில்லை. குறை வரும் என்று தெரிந்திருக்கிறது. இடிந்து மொட்டையாக நின்ற கோபுரம் திரும்ப எழுந்து 1990-ல் குடமுழுக்குக் கண்டது. தென்காசி பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்க்கிறீர்களே, அதே கோபுரம்தான். காப்பாட்சியர் வேலைக்குப் படிக்கிறவர்கள் மனசில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கல்வெட்டு இது.

வெள்ளிக் கூஜாவும் இரும்பு விலங்கும்

காப்பது பற்றிப் பேசினோம். இனி ஆட்சி பற்றி. எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதில் என்ன ஆட்சி இருந்துவிடப் போகிறது?

1992-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். மேரிலேண்ட் வரலாற்றுக் கழகத்தின் மியூசியத்தில் ஃப்ரெட் வில்சன் என்ற கலைஞருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள்: எங்கள் கிடங்கில் இருப்பதை வைத்து நீங்களே ஒரு கண்காட்சி அமையுங்கள். வில்சன் புதிதாக எதையும் செய்யவில்லை. 'உலோக வேலைப்பாடுகள்' என்று தலைப்புப் போட்ட பெட்டியில், பளபளக்கும் வெள்ளிக் கோப்பைகள், கூஜாக்கள் நடுவே, அதே கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஜோடி இரும்பு விலங்கை வைத்தார். கறுப்பின அடிமைகளுக்குப் பூட்டிய விலங்கு! அவ்வளவுதான். வெள்ளிக் கோப்பையில் குடித்த வீட்டுக்கு அந்த வசதி எங்கிருந்து வந்தது என்பதை அட்டையில் ஒரு வரிகூட எழுதாமல் சொல்லிவிட்டார். ரெண்டு பொருளும் பல வருடமாக ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு எதிர்ப்பாட்டு ஒன்றும் உண்டு. 1989-ல் கனடாவின் டொராண்டோவில் ராயல் ஒன்டாரியோ மியூசியம் ஆப்பிரிக்கப் பொருட்களை வைத்து ஒரு கண்காட்சி போட்டது. அந்தப் பொருட்களைக் கொண்டுவந்த ராணுவக்காரர்களும் பாதிரியார்களும் ஆப்பிரிக்கர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசியதை மேற்கோள் குறிக்குள் போட்டு, அந்த ஆணவத்தைக் கிண்டல் செய்வதுதான் நோக்கம். ஆனால் பார்க்க வந்த பலருக்குக் கிண்டல் புரியவில்லை. மியூசியமே அப்படிச் சொல்வதாகப் படித்தார்கள். டொராண்டோவின் கறுப்பின மக்கள் வாசலில் போராட்டம் நடத்தினார்கள். 2016-ல்தான் மியூசியம் முறையாக மன்னிப்புக் கேட்டது.

நோக்கம் நல்லதுதான். எங்கே கோட்டை விட்டார்கள்? சாம்பார் கதையில் மூன்றாவதாக ஒன்று சொன்னோமே... இலையில் உட்காரப்போகிறவர்களைக் கேட்பது! அது நடக்கவில்லை. 2022-ல் செக் நாட்டின் பிராக் நகரில் கூடிய உலக மியூசியங்கள் கவுன்சில், 'மியூசியம் என்றால் என்ன?' என்ற இலக்கணத்தையே திருத்தி எழுதியது. மக்கள் சமூகங்களின் பங்கேற்போடு செயல்பட வேண்டும் என்ற கருத்து அதில் இடம்பெற்றது. சும்மா வந்துவிடவில்லை அந்த வரி.

பாடியது குறத்தியா, கவிராயரா?

இவ்வளவு தூரம் போவானேன்? இந்தச் சிக்கலுக்கு நம்ம ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி! ஸ்கூல் தமிழ்ப் புத்தகத்திலேயே அறிமுகம் ஆகியிருக்கும். குறத்தி தன் மலையின் வளத்தை வாய் நிறையச் சொல்வாள். எழுதியது தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர். அற்புதமான நூல், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கேள்வி: அதில் பேசுவது குறத்தியா, கவிராயரா? வாய் அவளுடையது, வார்த்தை அவருடையது.

கவிராயர் செய்தது இலக்கியம். அதற்கு அந்த உரிமை உண்டு. மியூசிய அட்டை எழுதுகிறவர் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். மலையில் தேன் எடுக்கிறவர், மண்பானை வனைகிறவர், பாய் முடைகிறவர் என்று இன்னொருவர் வாயில் நம் வார்த்தையை வைக்கிறோம். ஆனால் நாம் எழுதுவதை ஜனங்கள் இலக்கியமாக எடுத்துக்கொள்வதில்லை, உண்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது பொறுப்பு கூடுமா, கூடாதா?

கையோடு ஒரு பயிற்சி. உங்கள் காலேஜ் விழாவுக்கு 'எங்கள் தென்காசி' என்று ஒரு கண்காட்சி போடுகிறீர்கள். மரப்பாச்சி வந்தாச்சு, ஓலைச்சுவடி வந்தாச்சு, பித்தளைக் குத்துவிளக்கு வந்தாச்சு. தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கத்துத் தெருக்களில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை கண்ணில் படுகிற ஒரு பொருள் மட்டும் வரவில்லை. பீடித் தட்டு! மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஊறவைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, 25 பீடிக்கு ஒரு கட்டு என்று அடுக்குகிற பெண்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். பல பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் அந்தத் தட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. ஒருவேளை உங்களுடையதும்.

சரி, தட்டை வைக்க முடிவு செய்துவிட்டீர்கள். அட்டை எழுதுகிறீர்கள்: 'பீடித் தட்டு. தென்காசி வட்டாரப் பெண்களின் கைத்தொழில் கருவி.' தப்பே இல்லை. இப்போது அதைப் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் வாசித்துக் காட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள்.

"சித்தி, உங்க தட்டை காலேஜ்ல காட்சிக்கு வைக்கட்டுமா?"

"வச்சுக்கோ. ஆனா திங்கக்கெழமைக்குள்ள திருப்பித் தந்திரு. எனக்கு வேலைக்கு வேணும்லா?"

முதல் அடி! நீங்கள் பழம்பொருளாக நினைத்தது அவருக்கு இன்றைய சோறு.

"கீழே இப்படி எழுதியிருக்கேன், பாருங்க சித்தி."

"கைத்தொழிலா... அது சரி. ஆயிரம் பீடிக்கு எம்புட்டு கூலின்னு போடலியா? கம்பெனில சரியில்லைன்னு கழிச்சுத் தள்ளுவாங்களே, அதைப் போடலியா? தட்டை வச்சிட்டே, முதுகு வலியை எங்கன வைப்பே?"

ரெண்டாவது அடி! அந்தக் கேள்விக்குப் பதில் எந்த மியூசியப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்ட பிறகு உங்களால் பழைய அட்டையை ஒட்ட முடியாது. அவர் பேச்சையே அட்டையில் போடலாமா? பெயரைப் போட அவருக்குச் சம்மதமா? தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலேஜ் ஃபீஸ் ரசீதை வைக்கலாமா? யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பொருள் எழுந்து உட்கார்ந்துவிட்டது!

நோட்டு ஒன்று, கேள்வி ஐந்து

இந்தப் பயிற்சிக்கு முதலீடு ஒரு நாப்பது பக்க நோட்டு மட்டுமே. 'இன்று காலை பத்து மணிக்கு மியூசியம் போனோம், மதியம் புளியோதரை சாப்பிட்டோம்' என்று எழுதினால் அது டைரி. 'ஐயோ, எல்லாம் என் தப்பு' என்று எழுதினால் அது புலம்பல். ரெண்டும் வேண்டாம். ஒரு கண்காட்சி பார்த்தாலும் சரி, நீங்களே அமைத்தாலும் சரி, இந்த ஐந்துக்கும் பதில் எழுதுங்கள்:

1. இந்தப் பொருள் இங்கே எப்படி வந்தது? வாங்கினதா, கொடுத்ததா, எடுத்ததா?

2. அட்டையில் பேசுவது யார்? அந்தப் பொருளோடு வாழ்ந்தவர் படித்தால் ஒப்புக்கொள்வாரா?

3. பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய எது இல்லை?

4. நான் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன்? அழகாக இருந்ததாலா, எளிதாகக் கிடைத்ததாலா, என் வீட்டில் இருந்ததாலா?

5. அடுத்த தடவை எதை மாற்றுவேன்? ஒன்றே ஒன்று போதும்.

நாலாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுவதுதான் கஷ்டம். 'நம்ம ஊர்ப் பாரம்பரியம்' என்று தலைப்புப் போட்டு, நம்ம தெருவின் பாரம்பரியத்தை மட்டும் வைத்துவிடுவது ரொம்ப சுலபம். ஊரில் எத்தனை தெரு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், காலியாக இருக்கிற பெட்டிகள் தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாவது பதிலை எழுதாவிட்டால் மேலே இருக்கிற நாலும் வீண். யோசித்தது செயலுக்கு வர வேண்டுமே!

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மற்றவர்களைக் கேட்டு எழுதினால் அட்டை நீளும், வேலை இழுக்கும், சமயத்தில் சண்டையும் வரும். ரெண்டு பேர் ரெண்டு விதமாகச் சொல்வார்கள். அப்போது ஒன்றை அழித்துவிட்டு மற்றதை மட்டும் ஒட்டத் தோன்றும். ரெண்டையும் ஒட்டிப் பாருங்கள். பார்க்க வருகிறவர்கள் நாம் நினைப்பதைவிடப் புத்திசாலிகள்.

இதையே படிக்கலாமா?

தாராளமாக! பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் 1952-லேயே மியூசியவியல் துறை தொடங்கிவிட்டார்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. டெல்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனமாக இருந்தது, இப்போது நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்று இயங்குகிறது. வரலாறு, தொல்லியல், நுண்கலை படித்தவர்கள் மட்டும்தான் என்றில்லை. உலோகத்தில் பிடித்த பச்சைக் களிம்பையும், சுவரில் ஏறிய உப்பையும் சரிசெய்ய வேதியியல் படித்தவர்கள் வேண்டும். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது கண்ணில் படட்டும்.

வேலைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு நீங்கள் டீச்சர் ஆகலாம், டாக்டர் ஆகலாம், பத்திரிகைக்காரர் ஆகலாம். எந்த வேலையிலும் ஏதோ ஒரு இடத்தில் இன்னொரு மனுஷரைப் பற்றி நாலு வரி எழுத வேண்டி வரும். அந்த நாலு வரியை அவர் படித்தால் என்ன சொல்வார் என்று ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிக்கிற பழக்கம் எங்கேயும் கைகொடுக்கும்.

அடுத்த சீசனில் சாரல் தொடங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவீர்கள், தெரியும். துண்டு, சோப்பு, மாற்றுத் துணியோடு அந்த நாப்பது பக்க நோட்டையும் எடுத்து வையுங்கள். அருவியில் கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும். சித்திர சபை வாசலில் அவ்வளவு இருக்காது!